என் பேரைச் சொல்லி ரத்தான ஸ்கேன்

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், படித்தால் இறங்காது.

நேற்று என் ஸ்கேன் பிரிவுக்கே போன் செய்து, "அவளே வேண்டாம்னுட்டா" என்று உங்கள் எம்.ஆர்.ஐ.யை ரத்து செய்தீர்களாமே. நான் எப்போது சொன்னேன்? ஊரார் இதயத்தையெல்லாம் படம் எடுக்கிறவளுக்கு வீட்டில் புருஷனிடம் இந்த மரியாதை.

நாலு வயதில் உங்களுக்கு இதய ஆபரேஷன் ஆனதோடு எல்லாம் முடிந்ததா? வால்வு வழியே எவ்வளவு ரத்தம் திரும்பி ஒழுகுகிறது என்று இந்த ஸ்கேன்தான் அளந்து சொல்லும். போன வருஷமே ஒழுகல் கூடியிருந்தது. கண்டுகொள்ளாமல் விட்டால் இதயம் வீங்கிவிடும்.

இன்று மூன்று மணிக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

பி.கு.: பயமென்றால் பயமென்று சொல்லியிருக்கலாம். எனக்கும்தான் பயம்.

இன்னொன்று: மைக்கில் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லப்போவது நான்தான். அப்போதாவது என் பேச்சைக் கேளுங்கள்.