சின்னப்பன் மறைவும் ஒன்பது மா நிலமும்

31 ஜனவரி 1971, ஞாயிறு

இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? அப்பாவின் ஆத்துமப் பூசைக்கு எழுதிய சீட்டும், செத்துப்போன என் உழவு மாட்டுக்கு விளையாட்டாக எழுதிய துக்கப் பத்திரிகையும் ஒரே சட்டைப் பையில் இருந்தன. கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற உபதேசியாரிடம் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற மனிதர் இல்லை அவர். பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக உரக்க வாசித்தார்:

"குஞ்சிதபாதம் பிள்ளை அவர்களின் ஒன்பது மா குத்தகை நிலத்தைப் பதினோரு ஆண்டுகள் குத்தகைக்காரன் ஆசீர்வாதத்தோடு சேர்ந்து உழுது, ஒருநாளும் கூலி கேளாமல், வைத்ததைத் தின்று வாழ்ந்த சின்னப்பன்…"

முன்வரிசையில் ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். "வாய்க்கால் கரையில் நான்கு கால்களையும் நீட்டி" என்ற இடத்தில்தான் உபதேசியார் நின்றார். சாமியார் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

என் மனைவி ஆரோக்கியம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில்தான் வாய் திறந்தாள். "அப்போஸ்தலர் சின்னப்பர் பேர மாட்டுக்கு வெக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்." மகள் விண்ணரசி தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

2 பிப்ரவரி

என்ன செய்வது, பழக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அப்பா என்னை ஏர் பிடிக்க அழைத்தபோது "மாணவன் ஆசீர்வாதம் காலமானான்" என்று எழுதிப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினேன். வாத்தியார் அடிக்கவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போனார். அதற்குப்பின் எது முடிந்தாலும் ஒரு பத்திரிகை. விழுந்த கடைவாய்ப்பல்லுக்கு. மாமனார் சொல்லி எடுத்த மீசைக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள் "தனிக்கட்டை ஆசீர்வாதம், வயது இருபத்திரண்டு, சொந்த பந்தங்கள் சூழ்ந்து நிற்க உயிர் துறந்தார்" என்று எழுதி வைத்திருந்தேன். புதுப்பெண் அதைத் தலையணைக்கடியில் கண்டெடுத்து, நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று தேம்பி அழுதாள். விஷயம் தெரிந்ததும் அடித்தாள். அந்த அடி மாதிரி ஒரு அடி பிறகு கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பார்வையோடு சரி.

பத்திரிகை எழுதிவிட்டால் முடிந்தது முடிந்ததாகிவிடுகிறது. இல்லாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

14 பிப்ரவரி

விவசாய சங்கத்துத் தங்கையன் வந்தான். குத்தகைக்காரர்கள் தங்கள் பேரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருக்கிறதாம். பதிந்துவிட்டால் மிராசுதார் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. பதியாதவனை அடுத்த நடவுக்கு முன்னாலேயே கிளப்பிவிட்டு, "சொந்தச் சாகுபடி" என்று காட்டிவிடுகிறார்கள். குடவாசல் பக்கம் நாலைந்து குடும்பம் அப்படிப் போய்விட்டது என்றான்.

மிராசுதார் பிள்ளை வீட்டில், மூன்று ஏக்கர் வரும் இந்த ஒன்பது மாவுக்கு, ரசீது கொடுக்கிற வழக்கம் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே நெல்லை அளந்து போட்டால் "சரிடா" என்பார்கள். அந்தச் சரிடாதான் ரசீது.

"கேட்டுப் பாக்கறேன் தங்கையா."

"கேக்கறதுக்கு இது என்ன கல்யாண சாப்பாடாண்ணே? உரிமை."

17 பிப்ரவரி

போய்க் கேட்டேன். பின்கட்டு வழியாகப் போய்த்தான் கேட்டேன். பிள்ளை வெற்றிலையை மென்று முடிக்கும்வரை நின்றேன். "தாசில்தார்கிட்ட போனீன்னா, அப்புறம் நடவுக்கு அந்த வயல்ல கால் வெக்கறது யாருன்னு பாத்துக்கலாம்டா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

இதே மனிதர்தான் அப்பா செத்த அன்று சவப்பெட்டிக்கு மாமரம் வெட்டிக்கொடுத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே அப்பாவைக் களத்தில் உச்சி வெயிலில் நிற்க வைத்ததும் இவர்தான். இரண்டையும் எந்தத் தராசில் போடுவது?

18 பிப்ரவரி

நன்னிலம் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டேன். ஆரோக்கியம்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

9 மார்ச்

தேர்தல் முடிந்தும் ஊர் அடங்கவில்லை. பிள்ளையின் ஆட்கள் நம் வயல் வரப்பில் நடந்து போகிறார்கள். ஒன்றும் செய்வதில்லை, நடக்கிறார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று எழுதி வைத்தேன்: "குத்தகைக்காரன் ஆசீர்வாதம் நன்னிலம் தாலுகா ஆபீஸில் சிகிச்சை பலனின்றி மரணமடைந்தார். அன்னாரின் ஏர், மண்வெட்டி, ஒற்றை மாடு ஆகியவை ஏலத்துக்கு." சாப்பிட்டதும் வாசித்துக் காட்டினேன். விண்ணரசி சிரிக்க ஆரம்பித்து அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆரோக்கியம் தாளை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

"முடிஞ்சதுக்குத்தானே எழுதுவீங்க. இது இன்னும் முடியல."

பேனாவை மூடி மாடத்தில் வைத்தேன்.

22 ஏப்ரல்

தாலுகா ஆபீஸில் விசாரணை. எழுதியே ஆகவேண்டும், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பிள்ளை நாற்காலியில். நான் நின்றேன். பிள்ளையின் கணக்குப்பிள்ளை கூசாமல் சொன்னார், "ஆசீர்வாதம் கூலிக்கு உழுறவன். குத்தகையெல்லாம் கிடையாதுங்க." அதிகாரி ரசீது கேட்டார். இல்லை. சாட்சி கேட்டார். உபதேசியார் எழுந்தார். குத்தகை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அதிகாரி.

"கோயில்லயே வாசிச்சோங்க."

"என்னத்த?"

"மாட்டுக்குத் துக்கப் பத்திரிகைங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. மனிதர் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார், கோயிலில் முடிக்க முடியாமல் போன மிச்சத்தையும் சேர்த்து. குமாஸ்தா மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். பிள்ளைதான் வெடித்துச் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாடு கூலி கேக்கலங்கறது வாஸ்தவம். இவன்தான் வருஷா வருஷம் குத்தகையில தள்ளுபடி கேட்டு என் உசுர வாங்குவான்" என்றார்.

'குத்தகை' என்ற சொல் அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதிகாரி எழுத ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளை பதறிப்போய்ப் பிள்ளையின் காதருகே குனிந்தார். பிள்ளை எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணக்குப்பிள்ளையை ஈ விரட்டுகிற மாதிரி விலக்கினார். சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? பஸ்ஸில் வரும்போது தங்கையன் தவறித்தான் என்றான். ஆரோக்கியம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

3 மே

பேர் பதிவாகிவிட்டது. விண்ணரசி பாயசம் வைத்தாள், உப்பைப் போட்டு.

4 ஜூலை, ஞாயிறு

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை தனியாக வரப்பில் வந்தார். மீதி நிலத்தை விற்றாயிற்று, மெட்ராஸில் மகன் வீட்டோடு போகிறார், இதெல்லாம் ஊருக்கே தெரியும். போனவாரம் ஆளனுப்பி, தனக்கும் ஒரு பத்திரிகை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். கேலியோ என்று நினைத்தேன். இல்லை.

"எழுதினியாப்பா?"

'அப்பா' என்றார். 'டா' எங்கே போயிற்று?

சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து எடுத்து வாசித்தேன். "மிராசுதார் குஞ்சிதபாதம் பிள்ளை, நாற்பது வருடம் வரப்பிலேயே நடந்தும் காலில் சேறு படாதவர், தம் சொந்தச் சிரிப்பினால் ஏற்பட்ட காயத்தால், நன்னிலத்தில் காலமானார். அன்னாரின் ஈமச்சடங்கு எழும்பூர் ரயில் நிலையத்தில் நடைபெறும். மலர் வளையம் வேண்டாம். நெல்லாகக் கொடுத்தால் மறுக்கமாட்டார்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி, எட்டிப்போய் வாய்க்காலில் காலை வைத்தார்.

"அவ்வளவுதானா? துக்கத்துல வாடறவங்க யாருன்னு கடைசியில போடுவாங்களே."

"அத உங்க பிள்ளைங்க பேரா பாத்துப் போட்டுக்கணுங்கய்யா" என்றேன். தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

கடைசி வரியில் போட்டுத்தான் இருந்தேன். ஒரே பேர். என் பேர்.