கதவுல இருக்கற அப்பா

"அப்பா மூஞ்சியக் கிழிச்சுத்தான் வீட்ட விக்கணுமாக்கா?"ன்னு நேத்து கத்துனியே, ராங்கேல். பிளோவ்டிவ்ல நம்ம தெருவுல மட்டும் நாலு வீடு விலைக்கு நிக்குதுடா. அப்பா படம் போட்ட கண்ணீர் அஞ்சலித் தாள் ஒட்டுன கதவப் பாத்தா வர்றவங்க வாசலோட திரும்பிருவாங்கன்னு புரோக்கர் சொல்றாரு.

காலையில ஈரத்துணியோட போனேன். மீசை வரைக்கும் நனைச்சேன், அப்புறம் கை வரல. நாம லேட்டா வந்தா அந்தக் கதவுலதானே சாஞ்சு நிப்பாரு? திட்டவே மாட்டாரு. "சாப்பாடு ஆறிப்போச்சு"ம்பாரு, அவ்வளவுதான்.

அடுப்புல பீன்ஸ் சூப் இருக்கு. முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயக் கீழ இறக்கிரு, பால்கனியே நாறுது.

மத்தியானம் வீடு பாக்க ஆளுங்க வர்றாங்க. நீ அந்தத் தாள எடுக்கறியா, இல்ல அவங்கள வரவேணாம்னு சொல்லிரட்டுமா?

அக்கா

பி.கு.: எடுத்தா கிழியாம எடு, என் தலகாணிக்கடியில வை. எதுன்னாலும் அவங்க வர்றதுக்குள்ள ஒரு ஃபோன் பண்ணுடா.