ஆறாம் ஆண்டுக்குப் பிறகே லாபம்

அன்புள்ள மனைவிக்கு, உன் கணவன் எழுதுவது. நீயும் அம்மாவும் நலந்தானே? இங்கு நான் வாங்கப்போகும் கார் பெட்ரோலா, மின்சாரமா என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் இந்த மின்னஞ்சல்.

பெட்ரோல் காரின் விலை குறைவு, ஓட்டும் செலவு அதிகம். மின்சாரக் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எரிபொருளிலும் பராமரிப்பிலும் மிச்சமாகித் திரும்ப ஆறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் லாபமே.

“அதுக்கு ஆறு வருஷம் நீங்க நல்லா ஓட்டணுமே சார்!” என்று இன்று கார் காட்சியகத்தில் விற்பனையாளர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அங்கிருந்து அலுவலக வண்டியை ஓட்டித் திரும்பும்போது இடது கை மரத்துப்போனது. ஓரங்கட்டி நிறுத்தினேன், சற்று நேரத்தில் சரியாகிவிட்டது, பயப்படாதே. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அலமாரியில் உள்ள என் பழைய இதயப் பரிசோதனைத் தாள்களைப் படமெடுத்து அனுப்பு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

நாளை மருத்துவரைப் பார்ப்பேன். அவர் சொல்வதைக் கேட்ட பிறகே எந்தக் காருக்கும் கையெழுத்திடுவேன்.