படகையா, பெண்டாட்டியையா

என் மகன் அரிஸ்தீதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ஹைக்கேயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய்யா நிஜமா என்று எனக்கே பிடிபடவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆட்டுக்குத் தீவனம் வைக்கிறேன். எதுவும் வலிக்கவில்லை, அதுதான் கோளாறு. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யார் கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. அப்பாவைப் புதைத்து, நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்து ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்தும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பாதிரியார் வீட்டு வாசோ தினமும் வந்து, அழுதுடுடீ, நெஞ்சுல கட்டிக்கிட்டா அப்புறம் டாக்டராலயும் முடியாது என்கிறாள். வந்தால் அழமாட்டேனா, வராததற்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம். ஆனாலும் மறுநாள் கீரை வடகம்போல எதையோ பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள், எண்ணெய் கொஞ்சம் அதிகம்.

ஈஸ்டருக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு ஜெர்மனிக்கு, பிரேமனுக்கே வந்துவிடச் சொன்னாய். போனில் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன். தட்டிக்கழிக்கவில்லையடா, போனாலும் ஒன்றுதான் இருந்தாலும் ஒன்றுதான் என்று இருந்தது. இப்போது பதில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடி பயணப்பெட்டி வாங்க அக்கரைக்குப் போனேன். அப்பாவின் சவப்பெட்டி வந்த அதே படகு, பந்தெலிஸின் படகு. வேறு படகு நமக்கு ஏது? போகும்போது ஒன்றும் தோன்றவில்லை, சவப்பெட்டி வைத்த இடத்தில் யாரோ சிமெண்ட் மூட்டை வைத்திருந்தார்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கடையில் சக்கரம் வைத்த நீலப்பெட்டி ஒன்று வாங்கினேன். கறுப்பு உடுத்தியவளுக்கு நீலமா என்று கடைக்காரிக்கு ஒரு பார்வை, பார்க்கட்டும். மத்தியானப் படகில் திரும்பினேன். வாசோவும் மருந்து வாங்கிக்கொண்டு அதே படகில் வந்தாள். இடதுபக்க ஜன்னலோரம் நானும் அப்பாவும் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பக்கத்தில் பெட்டியை வைத்தேன். பழக்கதோஷம். ஆயுசு முழுக்க அந்த இடத்தில் எதையாவது வைத்து அவருக்குப் பிடித்து வைத்தே பழகிவிட்டது, கூடை, கோழி, சின்ன வயதில் உன்னைக்கூட.

அவர் என்றைக்கு நேரத்தோடு ஏறினார், உனக்கே தெரியும். அக்கரையில் ஃபோத்தினி கடையில் காபியை முடிக்காமல் எழுந்தால் பாவம் என்பார். படகு கயிறு அவிழ்த்தபிறகு ஓடி வருவார், படகை நிறுத்தச் சொல்லி ஸ்தமாத்தா, ஸ்தமாத்தா என்று கரையே அதிரக் கூவிக்கொண்டு. என் அப்பாவுக்கு நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்தேன் என்று, இத்தோடு நிறுத்து சாமி என எனக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள். நின்றதா, அடுத்த வருஷமே உன் சித்தி பிறந்தாள்! பெண் பிறப்பை நிறுத்தாத பெயர் படகை மட்டும் நிறுத்தியது. பந்தெலிஸ் எஞ்சினை அடக்கிவிட்டு, யாரக் கூப்புடுறீங்க ஹராலம்பிஸ் அண்ணே, படகையா பெண்டாட்டியையா என்பான். எது நிக்குதோ அதைத்தான்டா என்பார் இவர். வாரத்துக்கு நாலு தடவை இதே கேள்வி, இதே பதில், இதற்கு ஒரு படகே சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

செவ்வாய்க்கிழமையும் படகு கயிறு அவிழ்த்து ரெண்டு முழம் விலகியிருந்தது. கரையிலிருந்து ஸ்தமாத்தா என்று ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன், பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தேன், மெதுவா வாயேன் மனுஷா, படகு எங்க ஓடிடப்போகுது என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். வாசோ சிலுவை போட்டுக்கொண்டாள். பந்தெலிஸ் எஞ்சினை அடக்கினான், ஆனால் எதுவும் கேட்கவில்லை. தாவி ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தது அக்கரையில் கொதிகலன் ரிப்பேர் பார்க்கிறவன், முப்பது வயசு இருக்கும், என்னை யாரென்றே தெரியாது. நல்லவேளைம்மா, நான் வருவேன்னு தெரிஞ்ச மாதிரி எடம் புடிச்சு வச்சிருக்கீங்களே, நல்லா இருங்க என்றான்.

அரிஸ்தீதி, என் புருஷன் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வலித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல்தானா என்று தெரியவில்லை. அந்தப் பையன் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தான், நான்தான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நம் கடல் எவ்வளவு அகலம், ஒரு சிகரெட் முடிவதற்குள் இக்கரை வந்துவிடும். அதற்குள் அழுது முடிக்க முடியுமா? பந்தெலிஸ் துறைக்குத் திருப்பாமல் நேரே போனான், கலங்கரை விளக்கப் பாறையைச் சுற்றினான், மறுபடியும் சுற்றினான். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் மூக்கைச் சிந்தி தலைத்துணியைச் சரிசெய்தபிறகுதான் கரையில் கொண்டுபோய்க் கட்டினான். இறங்கும்போது, இன்னிக்கு நீரோட்டம் சரியில்லக்கா, அதான் லேட்டு என்றான். கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடந்தது.

மறுநாள் காலையில் பழையபடி மரத்துத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அது போதும்.

அதனால் நான் வரவில்லை. ஹைக்கே தங்கமான பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல். உங்கள் ஊரில் என் பெயர் வெறும் பெயர், இங்கே யாராவது தாமதமாக வரும் நாளெல்லாம் அதைக் கூவுகிறார்கள். நீலப்பெட்டியில் கம்பளிகளை அடுக்கி வைத்துவிட்டேன், பூச்சி அரிக்காமல் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். ஈஸ்டருக்கு நீ இங்கே வா, ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் அக்கரைக்கு வந்து உனக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருப்பேன். நீ அவசரப்படாதே, ஃபோத்தினி கடையில் காபியை அடிமண்டி வரை குடி, படகு கயிறு அவிழ்க்கட்டும். பிறகு ஓடி வந்து கூவு. பெற்றவளைப் பேர் சொல்லலாமா என்று யோசிக்காதே, அந்தத் துறையில் மட்டும் சொல்லலாம். பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருப்பேன்.

உன் அம்மா
ஸ்தமாத்தா