பகல் தூக்கத்துக்கு விலக்கு

ஐப்பசி 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க ஈரம். ஆயுர்வேத வகுப்பு, மூன்றாவது வாரம். இருக்கிறவர்களிலேயே வயதில் சின்னவர் பாடம் நடத்தும் டாக்டரம்மாதான். எழுந்து வணக்கம் சொல்லக் கூச்சம், சொல்லாவிட்டாலும் கூச்சம்.

இன்று வாதம், பித்தம், கபம். யாருக்கு எது தூக்கல் என்று கேள்வித்தாள். எனக்குப் பித்தம். பக்கத்தில் உட்காரும் ஜைனம்பு அக்கா, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேப்பர் எதுக்கு, ஒன் மொகத்தைப் பாத்தாலே தெரியுதே" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு தினசரி ஒழுக்கம். நாக்கு வழித்தல், வெந்நீர், எண்ணெய்க் குளியல். பகல் தூக்கம் கூடாது, கபம் ஏறும். எண்ணெய் தேய்த்த அன்று கூடவே கூடாது. அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அதோடு, வகுப்பு முடியுமுன்பே கிளம்பிவிட்டேன். கல்யாண வீட்டுக்கு நான் தைத்த ஜாக்கெட் டெலிவரி.

நெஞ்செரிச்சலுக்காகச் சேர்ந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் இவருக்காக, என் வீட்டுக்காரருக்காக. மில்லில் இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். பகலில் தூக்கமே இல்லை. போன வாரம் சேத்தூர் ரோட்டில் பைக் ஓட்டும்போதே கண் சொருகி, மண்ணில் இறங்கி நின்றிருக்கிறார்.

7, செவ்வாய்

வெயில். வாங்கியது: நாக்கு வழிப்பான் இரண்டு, நல்லெண்ணெய், சீரகம், ஊக்கு ஒரு அட்டை.

இவரை நாக்கு வழிக்க வைத்தேன். "இருக்கிற ருசியையும் வழிச்சு எடுத்துட்டா ஒன் சாம்பாரை எப்பிடிச் சாப்பிடுறது?" வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. அது ஒரு நிம்மதி.

படுத்தார், புரண்டார், பதினோரு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் மிளகாய்ப் பழம். காரணம் டீதான். நிறுத்தச் சொல்ல வேண்டும்.

11, சனி

ஷிப்ட் முடிந்து வந்தவரைப் பலகையில் உட்கார வைத்து உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய். சீயக்காய், வெந்நீர். மிளகு ரசம். சாப்பிட்டதும் பாயைத் தேடினார்.

"ஏட்டி, செத்த நேரம் படுத்துக்கிடுதேன்."

"எண்ணெ தேச்ச அன்னிக்குப் படுக்கக் கூடாது. டாக்டரம்மா சொல்லிருக்காவ."

டிவி போட்டேன். ரேஷன் கடைக்கு அனுப்பினேன். பட்டன் காஜா போடத் துணி கொடுத்துவரச் சொன்னேன். ஒரு கொட்டாவிக்கு ஒரு வேலை. பாவம், எல்லாவற்றையும் செய்தார். உடம்பு லேசாகி ராத்திரி தெளிவாக வேலைக்குப் போவார் என்று என் கணக்கு. எனக்கே என்மேல் பெருமை.

12, ஞாயிறு

மழை.

ராத்திரி நூற்பு மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டாராம். சாயப்போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார் அடுத்த மெஷின்காரர். சட்டைப் பை கிழிந்ததோடு போயிற்று. "பை தைக்கிறது ஒனக்கென்ன பெரிய வேலையா" என்று சிரிக்கிறார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்னால்.

வகுப்புக்குப் போனதே கேட்கத்தான். எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னேன். "அவிய நைட் ஷிப்டு. பகல்லயும் நான் தூங்க விடல."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ராத்திரி கண் முழிக்கிறவங்களுக்கு அந்த விதி கிடையாதும்மா. முழிச்ச நேரத்துல பாதியாவது காலையில, சாப்பிடுறதுக்கு முன்னாடி தூங்கணும். எண்ணெய்க் குளியலை லீவு நாளுக்கு வச்சுக்கோங்க. போன வாரமே சொன்னேனே."

"நீ ஜாக்கெட்டுன்னு எந்திரிச்சு ஓடுன பொறவு" என்றார் ஜைனம்பு அக்கா, என் காதுக்கு மட்டும்.

வெட்கம். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், மழைச்சாரல் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுப்பாடம்: விதிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வீட்டில் யாராவது ஒருவரின் நாளைச் சும்மா கவனிக்க வேண்டும்.

13, திங்கள்

வானம் மப்பு. டீ கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னாலேயே படுக்க வைத்தேன், உள்ளங்காலில் எண்ணெய். உடனே தூங்கினார். நான் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன், கதவு திறந்தபடி. கொஞ்ச நேரத்தில் விழிப்பு. மறுபடி தூக்கம், மறுபடி விழிப்பு. டீயும் இல்லை, பித்தமும் இல்லை. நான் தைத்து நிறுத்தும்போதெல்லாம் கண் திறக்கிறது.

"மில்லுக்குள்ள நிக்கிற மனுசனுக்கு என் மெஷினு ஒரு சத்தமா?"

"மில்லு ஒரே சத்தம். ஒன்னோடது ஓடும், நிக்கும். நின்னா முழிப்பு வந்துருது."

"நின்னா என்னவாம்?"

"எந்திரிச்சு எங்கயும் போயிட்டியோன்னு இருக்கும்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தைக்க மாட்ட. ஒன் பொழப்புல்லா அது."

எழுந்துபோய்ப் புளி கரைத்தேன். இவ்வளவு பிரியத்தை இந்த மனுஷன் வாயைத் திறந்து சொன்னதே கிடையாது. கோபமாகவும் வந்தது.

15, புதன்

விடியவிடிய மழை, இப்போது விட்டிருக்கிறது. என் தினசரி ஒழுக்கம், புதுசு: காலையில் ஊக்கு, ஹெம்மிங், கைவேலை எல்லாம் இவர் படுக்கும் அறையிலேயே, சுவரோரம். மெஷின் மத்தியானத்துக்கு மேல். ஜாக்கெட் கொடுத்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். படுத்தட்டும்.

வந்தார். வெந்நீர், உள்ளங்காலில் எண்ணெய். படுத்தார். நான் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாததில் இவருக்குச் சந்தேகம். கண்ணைத் திறக்காமலே,

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்."

குறட்டை.

மணி ஒன்று ஆகப்போகிறது. இன்னும் எழவில்லை. ரசம் ஆறிவிட்டது. ஊக்கு எல்லாம் வைத்தாயிற்று. எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது, எழுந்திருக்கவில்லை.