அடுப்பு மேடைக்கு இரண்டு கோடுகள்

அக்கா,

இன்று காலை புது மேடையில் பால் காய்ச்சினேன். பால் பொங்கிய வாசனையைவிட ஈரச் சிமெண்டு வாசனைதான் தூக்கலாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதைக் கொட்டித் தீர்க்க இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ போய்விட்டீர்கள்.

தில்லை நகரில் ஒரு புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இந்த வீட்டு மருமகள்கள் நாம் இருவரும் போனோமே, நினைவிருக்கிறதா? வந்தவர்கள் எல்லோரும் ஹாலையும் தரையையும் பார்த்து வாய் பிளந்துகொண்டிருக்க, நீங்கள் என் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு இழுத்துப் போனீர்கள். அந்த வீட்டுக்காரி நின்றபடி காபி கலந்துகொண்டிருந்தாள். இடுப்பளவு மேடை, அதன்மேல் அடுப்பு. "பாருடி, குனியவே இல்ல. ராணி மாதிரி நிக்கிறா" என்று என் காதில் சொன்னீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை.

நம் வீட்டுச் சமையலறையோ பட்டப்பகலிலும் இருட்டு. தரையோடு அடுப்பு. புகை போகக் கைக்குட்டை அகலத்தில் ஒரு ஜன்னல். காலையில் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். பெரிய கடைவீதியில் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்கு, அதுதான் நம் வீட்டுக்காரர்களுக்கு, கடை வாசலை மாற்றிக் கட்ட எப்போதும் நேரம் இருந்தது. சமையலறை என்று வாயெடுத்தால் மட்டும் காது கேட்காது.

காது கேட்டாலும் அத்தை விட வேண்டுமே! "வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல செவுத்த இடிப்பாங்களாடி? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வருஷம் மட்டும் என்ன வாழ்ந்தது? உங்களுக்குப் பிறந்ததைத் தொட்டிலில் போட்ட கையோடு எனக்கு வாந்தி. எனக்குப் பிறந்தால் உங்களுக்கு. ஒரு தடவை கொத்தனாரே வந்து நூல் பிடித்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து நீங்கள் கிணற்றடியில் ஓங்கரித்தீர்கள்! மனிதர் நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கையிலிருந்த குண்டானை ணங்கென்று தரையில் வைத்தேன். "நானாடி வேணும்னு பண்ணினேன்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தாலும் வரவில்லை.

ஒருவழியாக இருவருக்கும் பிள்ளைப்பேறு ஓய்ந்தது. அத்தைக்கும் சாக்கு தீர்ந்தது. அப்போதாவது கட்டினோமா? நமக்குள்ளேயே சண்டை. நீங்கள் நெட்டை, நான் உங்கள் காதுக்குத்தான் வருவேன். அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து, புகையேறிய சுவரில் உங்கள் இடுப்புக்கு நேராக ஒரு கோடு இழுத்தீர்கள். நானும் எடுத்து அதற்குக் கீழே ஒன்று இழுத்தேன். நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும்.

"உன் கோட்டுல வச்சா என் முதுகு ஒடிஞ்சிடும்டி. அதுக்குத் தரையிலயே உக்காந்துக்கலாம்."

"உங்க கோட்டுல வச்சா நான் ஏணி போட்டுத்தான் தாளிக்கணும் அக்கா."

"ஏணி எதுக்கு? சாப்பிட உக்கார்ற மணை இருக்குல்ல, அதைப் போட்டு ஏறிக்கோ."

"ஏன், நீங்க காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்களேன்!"

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஆண்கள் நிம்மதியாகக் கடைக்குப் போனார்கள். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. நாம் முடிவுக்கு வருவதற்குள், ஐப்பசி மழையில் நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் அம்மா வந்தார். நேரே சமையலறை வாசலில் போய் நின்று, "இந்தப் பொகையிலயே வெந்தாளே எம் பொண்ணு" என்று அழுதார். அப்போது இந்த வீட்டில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டார்கள், அக்கா. இந்தத் தடவை காரணம் நீங்கள். "துக்க வீடு. வருஷம் திரும்பட்டும்" என்றார் அத்தை. அந்தப் பொங்கலுக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. அதனால் உங்கள் கோடும் என் கோடும் சுவரில் அப்படியே இருந்தன. நான் தினமும் அவற்றின் கீழே குந்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

வருஷம் திரும்பி, தையும் பிறந்தது. கொத்தனார் வந்து சுவரைப் பார்த்தார். "ரெண்டு கோடு இருக்கேம்மா. எதுக்கு வைக்கிறது?"

உங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. "இனிமே தம்பி சம்சாரம்தானே சமைக்கப்போவுது. கீழ்க் கோட்டுக்கே வச்சிடுங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். இத்தனை நாள் நான் கேட்டதும் அதுதான். ஆனால் அந்த 'இனிமே' என்னைச் சுட்டுவிட்டது. எதிர்த்து வாயாட நீங்கள் இல்லாமல் ஜெயிப்பதும் ஒரு ஜெயமா?

"மேல் கோட்டுக்கு வைங்க" என்றேன்.

"உங்களுக்கு எட்டாதேம்மா."

"வைங்கன்னா வைங்க!" என்று கத்தியே விட்டேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

இப்போது அனுபவிக்கிறேன். உப்பை எடுக்க இறங்கு, தாளிக்க ஏறு, சாதம் வடிக்க இறங்கு. ஒரு நாளிலேயே கெண்டைக்கால் கெஞ்சுகிறது. "இதுக்குத் தரையே தேவலாம்" என்று அத்தை வேறு பின்னால் நின்று முணுமுணுக்கிறார். எல்லாம் உங்களால் வந்த வினை. 'மணை போட்டு ஏறிக்கோ' என்று வாய்த்துடுக்காகச் சொன்னீர்களே, பார்த்துக்கொள்ளுங்கள், ஏறி நிற்கிறேன்.

ஏறி நின்றால் நான் உங்கள் உயரம். குனிய வேண்டாம், எக்க வேண்டாம், மேடை இடுப்புக்கு அத்தனை கச்சிதமாக இருக்கிறது. உங்கள் அளவு சரிதான், அக்கா. ஒரு நாள், ஒரே ஒரு வேளை, நீங்கள் இங்கே ராணி மாதிரி நின்று காபி கலந்திருக்கக் கூடாதா?