வலைக்கு முன்னால ஒருத்தி

26 ஏப்பிரல் 2009, ஞாயிறு

மூத்தவள் பேபி இண்டைக்கும் ரெலிபோன் எடுக்கேல்லை. சண்டை நடக்கிற வன்னியில இருந்து எப்ப எடுத்தாலும் ஒரு நிமிசம்தான் கதைக்கலாமாம். அதால இஞ்ச ரொறன்ரோவில ரெலிபோனுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிறன். நான் குளிக்கிறதெண்டால் இவர் வந்து இருக்கோணும்.

இளையவள் லக்சிகா ஐஸ் ஹொக்கிப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, கோச்சுக்கு ஒரு போன்—"

"லைனை விடு" எண்டன். இந்த வீட்டில இப்ப வேற கதை இல்லை.

10 மே, ஞாயிறு

சண்டையை நிப்பாட்டச் சொல்லி எங்கட சனம் ஹைவேயில ஏறி இருந்திட்டுது. இவரும் லக்சிகாவும் அங்கதான். நான் ரீவியில அவளின்ர தொப்பியைத் தேடினன்.

பேபியை நாலு வயசில ஊரில என்ர அக்காவிட்ட விட்டிட்டு வந்தனான், ஸ்பொன்சரில எடுப்பம் எண்டு. அதுக்குள்ள ஆமி பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். போன வருசம் வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கத்தால வந்து அவளைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். "உங்கட பிள்ளை நாட்டுக்காகப் போறா, பெருமைப்படுங்கோ" எண்டு அக்காவுக்குச் சொன்னவையாம்.

18 மே

சண்டை முடிஞ்சுதாம்.

பின்னேரம் இஞ்சத்தைய லீவு நாளெண்டு பார்க்கில வாணவெடி. யன்னலெல்லாம் வெளிச்சம். நான் பாய்ஞ்சு லக்சிகாவைப் பிடிச்சு நிலத்தில தள்ளிப்போட்டன். "ஃபயர்வேர்க்ஸ் அம்மா, ஜஸ்ற் ஃபயர்வேர்க்ஸ்" எண்டாள். சொல்லிப்போட்டு அவளும் எழும்பேல்லை. என்னோடயே நிலத்தில கிடந்தாள்.

21 மே

ஆரோ ஒரு இங்கிலிஸ்காரி லக்சிகாவைக் கேட்டு எடுத்தாள். திருப்பித் திருப்பி எடுத்தாள். "நோ, நோ" எண்டு வைச்சிட்டன். அந்த நேரம் பேபி எடுத்தால்?

27 மே

அந்த இங்கிலிஸ்காரி கனடா நாட்டு ரீமுக்கு, பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பெட்டையளை எடுக்கிறவவாம். கோடைப் பயிற்சிக் காம்ப்புக்கு லக்சிகாவைக் கேக்க எடுத்தவவாம். நான் வைச்சதைப் பாத்து விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டாவாம்.

"எல்லாம் அக்காவுக்காக! நான் அவவை ஒருநாளும் கண்டதே இல்லை அம்மா!" எண்டு லக்சிகா கத்தினாள்.

அடிச்சுப்போட்டன். கை இன்னும் எரியுது.

7 யூன், ஞாயிறு

லக்சிகான்ர கோச் வீட்டை வந்தா. நரைச்ச மனுசி. கதைச்சு காம்ப்பில இவளின்ர இடத்தைத் திருப்பி எடுத்திட்டாவாம், நான் ஓம் எண்டால் சரியாம். தாங்கள் விளையாடின காலத்தில ஆம்பிளையளின்ர பழைய உடுப்பை மடிச்சுத் தைச்சுப் போட்டவையாம். பாக்கத் தாய் தகப்பனை விட்டால் ஆளில்லையாம். இப்ப பெட்டையளின்ர மச்சுக்கும் சனம் நிறைஞ்சு இருக்க இடமில்லையாம். எல்லாம் லக்சிகாதான் தமிழில சொன்னாள்.

பிறகு இதையும் சொன்னாள்: "உங்கட பிள்ளை நாட்டுக்காக விளையாடப்போறாவாம். பெருமைப்படச் சொல்லுறா."

பேபியைக் கொண்டுபோகேக்க சொன்ன அதே சொல்லு.

"ஒருத்தியைக் குடுத்தாச்சு. இன்னொண்டு குடுக்க என்னட்ட இல்லை. சொல்லு உவவுக்கு."

லக்சிகா அதை இங்கிலிசில சொல்லேல்லை. குனிஞ்சுகொண்டு இருந்தாள். மனுசிக்கு விளங்கியிருக்கும். தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவி வைச்சிட்டுப் போனா.

14 யூன்

காலமை லக்சிகா கதிரைக்குக் கிட்ட வந்து நிண்டாள்.

"அம்மா, இவை என்னைத் திருப்பி அனுப்புவினம். காம்ப் முடிய பஸ்ஸில ஏத்தி விடுவினம். நான் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன்."

லைன் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. விழுங்கிப்போட்டன்.

"எடு" எண்டன்.

9 ஆகஸ்ட்

எடுத்தாள். முழங்கால் வீக்கமாம். சோறில்லையாம், ஒரே பாஸ்ராவாம்.

12 டிசம்பர்

வவுனியா முகாமில இருந்து வெளிய வந்த பிள்ளை ஒண்டு எடுத்தது. பேபியோட நிண்டதாம். மாத்தளன் பக்கம் செல் குண்டு விழுந்ததாம். திகதி தெரியாதாம், பங்குனி கடைசி எண்டு நினைக்குதாம். பேபியை அங்கயே மண்ணுக்குள்ள தாட்டிட்டினமாம்.

பங்குனி. அப்ப நான் கதிரை போட்டது ஆருக்கு? வெடிக்குப் பயந்தது ஆருக்கு? ஆருக்காக இவளை அடிச்சனான்?

லக்சிகாதான் என்னைக் குளிக்க வாத்தாள். தலை துடைச்சுவிட்டாள். "அக்கா எப்பிடி இருப்பா அம்மா?" எண்டு கேட்டாள். முதல்முதலாக் கேக்கிறாள். நாலு வயசு முகம்தான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னன்.

16 ஜனவரி 2010, சனி

நேற்று அமாவாசை. செத்த திகதி தெரியாதவைக்கு அண்டைக்குத் திதி செய்யலாமெண்டு ஐயர் சொன்னவர். செய்து முடிச்சம்.

இண்டைக்கு லக்சிகான்ர மச். நாட்டு ரீமில எடுபட்ட பிறகு ரொறன்ரோவில இதுதான் முதல். கதவைப் பூட்டேக்க ரெலிபோன் அடிச்சுது. இவர் திரும்பினார். "வாங்கோ, நேரம் போகுது" எண்டன்.

ஐஸ் அரங்கு பிரேத அறை மாதிரிக் குளிர். வலைக்கு முன்னால லக்சிகா, சிவப்புச் சட்டை, முகமூடி. மற்ற ரீம் எல்லாம் அவளைப் பாத்துத்தான் அடிக்கினம். அவள் ஒருத்தி நிக்கிறாள். நான் கண்ணைப் பொத்தினன். இவர் கையை இழுத்துவிட்டார். "பாரப்பா. உவள் விடமாட்டாள்."

ரெண்டு கோல் விட்டிட்டாள். தோத்திட்டினம்.

முடிய முகமூடியைத் தூக்கிச் சனத்துக்குள்ள தேடினாள். தகப்பனைக் கண்டாள். பக்கத்தில என்னைத் தேடுறாள் எண்டு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கதிரையை விட்டு எழும்பி நிண்டன்.